விலை ஏறும் என்கிறார்கள்: வீடு வாங்கலாமா?

மஹய்யாவையில் கடந்த முறை நடந்த எமது குடும்பக் கூட்டம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது. அதற்குக் காரணம் ஒரு கேள்வி. கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும் வேளையில், தெல்தோட்டைப் பக்கமிருந்து மண்சரிவினால் இடம்பெயர்ந்து இப்போது இங்கே வாடகைக்கு இருக்கும் தகப்பன் ஒருவர் எழுந்தார்.

"சாமி, அடுத்த வருசத்துக்குள்ள காணி வெலை இன்னும் ஏறிப் போகுமாம். இப்ப வாங்காட்டி எப்பவுமே வாங்க ஏலாதுன்னு புரோக்கர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டணுமாம். கட்டவா?"

அவருக்குப் பின்னால் நின்ற மனைவி மெல்லிய குரலில் சொன்னார்: "மூணு லட்சம் சாமி. என் நகைய அடகு வச்ச காசும் அதுல இருக்கு."

கட்டுங்கள் என்றோ, வேண்டாம் என்றோ நாம் உடனே சொல்லவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றோம். அவரைப் போலவே பலர் இன்று இதே கேள்வியோடு இருக்கிறீர்கள் என்பதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்கியவர்கள், அதற்கு முன்னரே வேறு வேறு காரணங்களால் இடம்பெயர்ந்தவர்கள், கையில் கொஞ்சம் உதவிப் பணம் உள்ளவர்கள், வருமென்று காத்திருப்பவர்கள் என எல்லோரையும் மனதில் வைத்தே இவ்விதழின் பாடத்தை எழுதுகிறோம்.

விலையை முன்கூட்டிச் சொல்பவர் யார்?

ஒருவர் "விலை ஏறும்" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ஏறுமா, ஏறாதா என்பதல்ல. சொல்பவர் யார், நாம் வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதே முதற் கேள்வி. தரகருக்கு விற்பனை நடந்தால்தான் கூலி. நீங்கள் இரண்டு வருடம் யோசித்து நல்ல வீடாக வாங்குவதில் அவருக்கு இலாபமில்லை. இந்த வெள்ளிக்கிழமை வாங்குவதில்தான் இலாபம். அதனால் அவர் பொய்யர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் தமது தொழிலைச் செய்கிறார். நாம் நமது வேலையைச் செய்ய வேண்டும்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. அமெரிக்காவில் வீட்டுத் தரகர்களின் தேசிய சங்கத்தில் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஒருவர், வீட்டு விலை இன்னும் ஏறும், இந்தச் சந்தர்ப்பத்தைத் தவறவிடாதீர்கள் என்று 2005இல் ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு 2006இலேயே அங்கு விலை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 2012 வரை இறங்கி, நாடு முழுவதற்குமான சராசரியில் கால்பங்குக்கு மேல் குறைந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் வங்கிக்கு வீட்டைப் பறிகொடுத்தன. ஜப்பானில் "காணி விலை விழவே விழாது" என்பது ஒருகாலத்தில் படித்தவர்களும் நம்பிய வாக்கு. 1991க்குப் பிறகு அங்கு நிலத்தின் விலை பத்து வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து விழுந்தது. அங்கே முன்கூட்டிச் சொன்னவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர்.

பத்திரிகையில் வரும் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். "காணி விலை இத்தனை வீதம் ஏறியது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இலங்கை மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்பீட்டுச் சுட்டெண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. நல்ல, நேர்மையான கணக்குத்தான். ஆனால் அது கொழும்பு மாவட்டத்துக் காணிகளைப் பற்றிய கணக்கு. அதை எடுத்துவந்து மஹய்யாவையின் மேல் சந்துக்குப் பொருத்திப் பேசுவது, நுவரெலியாச் சந்தையின் கோவா விலையைக் கேட்டு தம்புள்ளையில் வெங்காயம் விற்பது போன்றது.

இங்கே வசிக்கிறவர்களுக்குத் தெரியும்: கட்டுகஸ்தோட்டை வீதியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பத்துப் பேர்ச் ஒன்று; படியேறி, இன்னொரு படியேறி, பிரேதப்பெட்டியைக்கூட சரித்துத்தான் இறக்க வேண்டும் என்ற இடத்தில் உள்ள பத்துப் பேர்ச் வேறொன்று. இடையிலுள்ள தூரம் நூறு யார். முச்சக்கரவண்டி வருமா, உறுதி தெளிவா, மழை நீர் எங்கே போகிறது என்பவற்றில்தான் விலை தங்கியிருக்கிறது. இந்த நூறு யாருக்கும் சேர்த்து எதிர்வுகூறல் செய்யக்கூடிய பொருளியலாளர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை.

காணி ஏறியதா, காசு தேய்ந்ததா?

"அப்பா காலத்தில் ஐயாயிரம் ரூபாவுக்கு வாங்கிய காணி இன்று ஐம்பது இலட்சம்" என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்பா காலத்தில் ஒரு பவுண் என்ன விலை, ஒரு நாள் கூலி எவ்வளவு, ஒரு மூட்டை நெல் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காணியின் விலையைப் பணத்தில் அளப்பதை விட்டு, நெல் மூட்டையில் அல்லது நாள் கூலியில் அளந்து பாருங்கள். பல இடங்களில் அந்தப் பெரிய ஏற்றம் சுருங்கிச் சிறிதாகிவிடும். ஏறியது பாதி காணி. தேய்ந்தது மீதி காசு.

இதற்கு ஒரு வேடிக்கையான சான்று ஒல்லாந்தில் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹேரன்கிராக்ட் என்ற கால்வாயின் கரையில் செல்வந்தர்கள் கட்டிய வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகள் கைமாறிய விலைகள் 1628 முதல் பதிவேட்டில் உள்ளன. அந்த ஆண்டில் எமது கண்டி இராச்சியத்தை ஆண்டுகொண்டிருந்தவர் செனரத் மன்னர். ஒல்லாந்தர் கொழும்பைப் பிடிக்க இன்னும் 28 வருடம் இருந்தது. பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற பேராசிரியர் அந்தப் பதிவேடுகளை எடுத்து, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தார். 1628 முதல் 1973 வரை, 345 வருடங்களில், அந்த வீடுகளின் உண்மையான மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அவ்வளவுதான். அதுவும் நேர்கோட்டில் ஏறவில்லை. போர், கொள்ளைநோய், வணிக வீழ்ச்சி வந்தபோதெல்லாம் விழுந்து, ஒரு தலைமுறை கழித்து எழுந்திருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த வீதிகளில் ஒன்றின் கதை இது.

எமது நாட்டில் 2022ஐ எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பொருள் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தன. காணி விலையும் ஏறியது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஆனால் அரிசியும் பருப்பும் ஏறிய வேகத்துக்குக் காணி அருகில்கூட வரவில்லை. அந்த ஆண்டு "காணி ஏறியது" என்று மகிழ்ந்தவர் உண்மையில் இழந்தவர். அப்படியானால் காசாக வைத்திருந்தவர்? அவர் இன்னும் கூடுதலாக இழந்தார். அதைப் பற்றி நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாமே சொன்ன ஒரு தவறான கணிப்பு

2021 கடைசியில் ஒரு குடும்பம் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தது. கையில் எட்டு இலட்சம் சேர்த்திருந்தார்கள். சொந்தமாகச் சிறிய காணித் துண்டும் இருந்தது. அதில் இரண்டு அறைகள் எழுப்பலாமா என்று கேட்டார்கள். நாடு போகிற போக்கு சரியில்லை, எல்லோருக்கும் கைமுடையாகும்போது மேசன் கூலியும் பொருளும் இறங்கும், ஒரு வருடம் பொறுங்கள் என்று நாம் சொன்னோம். எமக்கு அது மிகவும் நிதானமான பேச்சாகத் தோன்றியது.

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்ற சீமெந்து மூட்டை அந்த ஆண்டிலேயே மூவாயிரத்தைத் தொட்டது. கம்பி, தகரம், ஓடு எல்லாம் அதன் பின்னால் போயின. இரண்டு அறைக்குப் போதுமாக இருந்த பணம் அத்திவாரத்துக்கும் பாதிச் சுவருக்குமே காணவில்லை. அந்தத் தாய் எம்மை ஒரு சொல்லும் குறைசொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதே நேரத்தில் இன்னொரு குடும்பம் எம்மைக் கேளாமலே வங்கிக் கடனில் வீடு வாங்கியிருந்தது. விலை ஏறும் என்பது அவர்கள் கணிப்பு. ஏறத்தான் செய்தது. ஆனால் அவர்களின் கடன் மாறும் வட்டிக் கடன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் தனது கொள்கை வட்டி வீதத்தை 7 புள்ளியால் உயர்த்தியது. அதன் பின் அவர்களின் மாதத் தவணை சம்பளத்தைத் தின்னத் தொடங்கியது. விலைக் கணிப்பில் அவர்கள் வென்றார்கள், தவணையில் தோற்றார்கள். கடைசியில் அந்த வீட்டை அவசரத்துக்கு விற்றுவிட்டு மீண்டும் வாடகைக்குப் போனார்கள்.

இந்த இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எமக்கு ஒன்று தெளிந்தது. கணிப்புத் தவறியதனால் ஒரு குடும்பம் அடிபட்டது. கணிப்புச் சரியானதால் மற்றக் குடும்பம் தப்பவில்லை. விலை எங்கே போகும் என்ற கேள்வியில் வீடு வாங்கும் முடிவு தொங்கக் கூடாது. தொங்கவேண்டிய வேறு ஆணிகள் இருக்கின்றன.

பேச்சைக் கணக்காக மாற்றுதல்

குருமடத்தில் எமக்கு மெய்யியல் கற்பித்தார்கள். வட்டிக் கணக்குக் கற்பிக்கவில்லை. அதைக் கிராமத்துச் சிக்கன கடனுதவிச் சங்கங்களின் கூட்டங்களில், பேரேடு எழுதிய பெண்களிடமிருந்துதான் கற்றோம். அவர்கள் கற்றுத்தந்த முறையில் ஒரு கணக்கைச் செய்வோம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் தொகையை அவ்விடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வீடு 40 இலட்சம். கையில் 20 இலட்சம். மீதி 20 இலட்சம் கடன், 15 வருடத் தவணை, வட்டி 10 வீதம். மாதம் ஏறத்தாழ 21,500 ரூபா கட்ட வேண்டும். முதல் வருடத்தில் கட்டும் தொகையில் ஏறத்தாழ 2 இலட்சம் வட்டிக்கே போகும். கையிலிருந்த 20 இலட்சத்தை வங்கியில் 7 வீதத்துக்கு வைத்திருந்தால் 1 இலட்சத்து 40 ஆயிரம் வந்திருக்கும். அது இனி வராது. சோலைவரி, கூரை ஒழுக்கு, மதில் விழுதல் என்று ஒரு 40 ஆயிரம். ஆக மொத்தம் வருடத்துக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம். அதே போன்ற வீட்டுக்கு வாடகை மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 2 இலட்சம். அது வீட்டு விலையில் 5 வீதம்.

இதன் பொருள் என்ன? இந்த வீட்டின் விலை வருடா வருடம் 5 வீதம் ஏறினால்தான் வாங்கியவரும் வாடகைக்கு இருந்தவரும் சமம். இப்போது தரகரிடம் திரும்பிப் போய், "விலை ஏறுமா?" என்று கேட்காமல், "வருடத்துக்கு 5 வீதத்துக்குக் குறையாமல், தவறாமல் ஏறுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு தொனியில் வரும்.

வாடகை 25,000 என்றால் கணக்கு மாறிவிடும். வித்தியாசம் 80 ஆயிரமாகக் குறைந்து, 2 வீத ஏற்றமே போதுமானதாகும். அப்போது வாங்குவதில் அர்த்தமுண்டு. மறுபுறம், மாறும் வட்டிக் கடனில் வட்டி 20 வீதமானால் மாதத் தவணை 35,000ஐத் தாண்டும். கடன் கேட்கப் போகும்போது, வட்டி நிலையானதா, மாறுவதா, எத்தனை வருடத்துக்கு நிலையானது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போதே போய்விடும் பணமும் உண்டு. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும். 40 இலட்சம் வீட்டுக்கு அது 1 இலட்சத்து 59 ஆயிரம். நொத்தாரிசின் கட்டணமும் தேடல் செலவும் தரகர் கூலியும் சேர்ந்தால் 2 இலட்சத்தைத் தாண்டும். அந்த வீட்டில் 15 வருடம் இருந்தால் இது பெரிய தொகையல்ல. மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால் அது வீண் செலவு. ஆகவே வாங்க முன்னர் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, "நாம் இங்கேயே இருக்கப் போகிறோமா?" என்று ஒருவரையொருவர் உண்மையாகக் கேட்டுக்கொள்வது அவசியம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தோட்டத்தைப் பார்க்கத் திரும்ப வேண்டும் என்பார் அவர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கேதான் என்பார் இவர்.

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிட ஆவணங்களுக்குப் புள்ளி உண்டு. சொந்த உறுதி உள்ளவருக்கு அது வாடகைக்காரரைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டுக்காரர் திடீரென எழும்பச் சொல்லும் பயம் இல்லாமை, கோழி வளர்க்கவும் நாலு மிளகாய்ச் செடி வைக்கவும் ஒருவரையும் கேட்க வேண்டியில்லாமை, இவையும் உண்மையான பயன்களே. இவற்றுக்கு ஒரு விலை போட்டு, அதை மனதாரக் கொடுக்கலாம். ஆனால் அதை "இலாபம் வரும்" என்ற பெயரில் கொடுக்கக் கூடாது.

விவசாயக் குடும்பத்துக்கு இன்னொன்றும் உண்டு. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்காக உண்டாக்கப்பட்ட முறை. மரக்கறிக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. கரட் விலை விழுந்த மாதமும் உண்டு, கடும் மழையில் ஒன்றுமே பிடுங்காத மாதமும் உண்டு. 2021இல் இரசாயன உரம் இறக்குமதி தடை செய்யப்பட்டபோது எத்தனை பேரின் போகம் பாழானது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே உங்கள் நல்ல மாதத்தை வைத்துத் தவணையைத் தீர்மானிக்க வேண்டாம். கடந்த மூன்று வருடத்தில் மிக மோசமான மாதத்தின் வரவை எடுங்கள். தவணை அதில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கடன் உங்களுக்குரியதல்ல. அத்துடன் ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்த பிறகே கையொப்பமிடுங்கள்.

நம்ப வேண்டிய எதிர்வுகூறல் ஒன்று

எல்லா எதிர்வுகூறல்களும் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அது நிறைவேறிய எதிர்வுகூறல். அங்கிருந்தவர்கள் ஏன் போகவில்லை என்று குறைகூறுவது அநியாயம். போவதற்கு அவர்களுக்கு ஒரு துண்டுக் காணியும் இருக்கவில்லை. ஆனால் இன்று பணம் கொடுத்து இடம் தேடும் எமக்கு அந்த எச்சரிக்கையைக் கேட்கும் சுதந்திரம் இருக்கிறது.

கண்டி மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டங்களில் ஒன்று. சரிவான இடத்தில் வீடு கட்ட அனுமதி பெறும்போது அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை கேட்கப்படும். அனுமதிக்காக அதைக் கேட்பதற்குப் பதிலாக, முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேளுங்கள். விலை மலிவான காணி ஏன் மலிவு என்பதற்கான பதில் பல சமயம் அங்கேதான் இருக்கும். நீங்களும் மழை நாளில் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எந்தக் காணியும் அழகாகத்தான் இருக்கும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்த மரங்கள், திடீரெனத் தோன்றிய ஊற்று அல்லது வற்றிப்போன ஊற்று, கலங்கி வரும் நீர், இவற்றைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் அவற்றைக் கண்ணால் கண்டவர்கள். ஒருமுறை தப்பிவந்தவர் அதே சரிவை இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கக் கூடாது.

உறுதியும் மண்பாண்டமும்

எரேமியா ஆகமத்தின் 32ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. இறைவாக்கினர் காவலில் இருக்கிறார். நகரம் விழும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் காணியின் விலை என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வேளையில் அவர் தமது உறவினரிடமிருந்து அனத்தோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். விலை ஏறும் என்று அவர் வாங்கவில்லை. மக்கள் மீண்டும் அங்கே குடியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வாங்கினார்.

பொதுவாக மறையுரையில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். ஆனால் அதன் பிறகு வருவதையும் கவனியுங்கள். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகிறார். சாட்சிகளும் கையொப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுங்காலம் பழுதாகாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அவ்வளவு பெரிய நம்பிக்கை கொண்டவரே பத்திர விடயத்தில் ஒரு படியையும் தவறவிடவில்லை.

எமது நாட்டிலும் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. கடையில் வாங்கிய தாளில் "மூன்று இலட்சம் முற்பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி இருவர் கையொப்பமிட்டால், அதை வைத்து அந்தக் காணியை உங்களுக்கு விற்கும்படி விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த காசைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியதுதான். முற்பணம் கொடுப்பதானால் நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையோடு கொடுங்கள். அந்த நொத்தாரிசு விற்பவரின் ஆளாக இல்லாமல் நீங்கள் தெரிந்தெடுத்தவராக இருக்கட்டும்.

அதற்கு முன்னர் காணிப் பதிவகத்தில் தேடல் செய்விக்க வேண்டும். தாய் உறுதியிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா, ஈடு பதியப்பட்டிருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, விற்பவர் முழுக் காணிக்கும் சொந்தக்காரரா அல்லது பிரிக்கப்படாத பங்குக்கு மட்டுமா என்பவை அங்கே தெரியவரும். அரசு அனுமதிப்பத்திரக் காணியோ, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்புக் காணியோ என்றால், பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. மாநகர சபைக் குடியிருப்புகளிலும் தோட்ட லயங்களிலும் அறையைக் கைமாற்றிக் காசு வாங்குவோரிடம் விற்பதற்கு உறுதி இல்லை. அங்கே நீங்கள் வாங்குவது வீடல்ல, சாவி மட்டுமே.

கடன் தேவைப்படும்போது சிலர் ஈட்டுக்குப் பதிலாக "நிபந்தனை உறுதி" எழுதிக் கொடுக்கிறார்கள். குறித்த நாளில் பணத்தைத் திருப்பாவிட்டால் காணி முழுவதும் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். ஊரில் விட்டுவந்த காணியை இப்படி எழுதிக் கொடுத்து, அந்தக் காசில் கண்டியில் வீட்டுக்கு முற்பணம் கட்டும் யோசனையோடு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அதைச் செய்யாதீர்கள். வீடு இல்லாத விவசாயிக்கு மழைக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும். காணி இல்லாத விவசாயிக்குக் கூலி வேலைதான் மிஞ்சும்.

உதவிப் பணமும் விற்பவரின் காதும்

2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த பிறகு, மண்சரிவினால் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிலத்துக்கு 4 இலட்சமும் வீட்டுக்கு 12 இலட்சமுமாக 16 இலட்சம் ரூபா வரை கொடுக்கும் திட்டம் ஒன்று நடைமுறைப்படுத்தப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் இப்படியான தொகை ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அது விற்பவரின் காதுக்கும் போய்விடும். நூறு குடும்பங்கள் கையில் ஒரே தொகையோடு ஒரே பகுதியில் ஒரே மாதத்தில் காணி தேடினால், அதுவரை அதைவிடக் குறைவாகப் போன காணியும் அந்தத் தொகைக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் விலை ஏறுவது எதிர்காலத்தின் அறிகுறியல்ல. எமது அவசரத்தின் நிழல். உதவித் திட்டத்தின் கால எல்லை அனுமதித்தால், முதல் மாதங்களின் நெரிசல் தணியும் வரை பொறுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே சட்டத்தரணியிடம் தேடல் செய்வித்து, ஒரு பெரிய காணியை முறைப்படி அளந்து பிரித்து வாங்கும் வழியும் இருக்கிறது. தனியாகப் பேரம் பேசும் ஒருவருக்குக் கிடைக்காத விலை அங்கே கிடைக்கும். பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை

தெல்தோட்டைக் குடும்பத்தின் கதைக்கு வருவோம். திங்கட்கிழமை உறுதியின் பிரதியைக் கேட்டபோது, அட்வான்ஸ் கட்டிய பிறகு தருவதாகத் தரகர் சொன்னார். அதுவே ஒரு பதில்தான். எனினும் செவ்வாய்க்கிழமை பிரதி கிடைத்தது. புதன்கிழமை சட்டத்தரணி ஒருவர் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தார். விற்பவருக்கு அந்தக் காணியில் பிரிக்கப்படாத நாலில் ஒரு பங்கு மாத்திரமே உரியது. மற்றப் பங்குக்காரர்களில் ஒருவர் வெளிநாட்டில். பிரிவினை வழக்கு என்று போனால் எத்தனை வருடமாகும் என்பதைச் சட்டத்தரணி விரல்விட்டு எண்ணிக் காட்டவில்லை. கையை விரித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை தரகர் நாலு முறை தொலைபேசியில் அழைத்தாராம். மூன்று இலட்சம் கட்டப்படவில்லை. மறுநாள் அந்தத் தாய் அடகுக் கடைக்குப் போய் நகையை மீட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் இன்னும் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், பஸ் பாதைக்குக் கொஞ்சம் உள்ளே, தனி உறுதியும் அளவைப் படமும் உள்ள எட்டுப் பேர்ச் காணி ஒன்றை இப்போது பார்த்திருக்கிறார்கள். அபாய அறிக்கைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். அதற்கிடையில் அந்தக் காணியின் விலை ஏறுமா, இறங்குமா என்று அவர் எம்மிடம் மறுபடியும் கேட்டார். எமக்குத் தெரியாது என்று சொன்னோம்.

அடுத்த குடும்பக் கூட்டத்துக்குச் சட்டத்தரணி ஒருவரையும் அழைத்திருக்கிறோம். வாங்க எண்ணியிருக்கும் காணியின் உறுதிப் பிரதியையும் அளவைப் படத்தையும், கடன் எடுப்பவர்கள் வங்கி தந்த கடிதத்தையும் கொண்டு வாருங்கள். கடந்த மூன்று வருடத்தின் மிக மோசமான மாதத்தில் வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்பதை, கணவனும் மனைவியும் பேசி ஒரு தாளில் எழுதி வாருங்கள். கணக்கை அங்கே சேர்ந்து செய்வோம்.